இணைய வரைவை எதில் எழுதுவது: எக்ஸ்எம்எல்லா, கிராம்டவுனா, வேர்டா?

இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்புக்கு முதன்முதலாக ஒரு வரைவு எழுத உட்காருகிறவர்கள் என்னிடம் கேட்பது, "எதுல எழுதறது?" என்பதுதான். எளிய குறிகள் போதும் என்கிற கிராம்டவுனில் எழுதுங்கள், குறிச்சொற்களால் கட்டப்படும் எக்ஸ்எம்எல்லை வாசிக்கப் பழகுங்கள் என்பேன். ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டு போனால் கடைசி வாரத்தில் தவிக்க நேரும்.

ஒப்புதல் பெற்ற வரைவு, ஆர்எஃப்சி என்ற எண்ணிட்ட ஆவணமாக வெளியாகும். 1969 ஏப்ரலில் ஸ்டீவ் குரோக்கர் முதல் ஆர்எஃப்சியை எழுதினார். பிறகு வெகுகாலம் ஆர்எஃப்சி என்றாலே வெறும் உரைக் கோப்புதான்: வரிக்கு 72 எழுத்து, பக்கத்துக்கு 58 வரி. 1999இல் மார்ஷல் ரோஸ் ஆர்எஃப்சி 2629 வழியாக எக்ஸ்எம்எல் முறையைக் கொண்டுவந்தார். அதன் மூன்றாம் பதிப்பை 2016 டிசம்பரில் ஆர்எஃப்சி 7991 வகுத்தது. இன்று அதிகாரபூர்வ மூலம் அந்த எக்ஸ்எம்எல்தான்; உரை, எச்டிஎம்எல், பிடிஎஃப் எல்லாம் அதிலிருந்து பிறப்பவை.

எக்ஸ்எம்எல்லில் எதுவும் ஊகத்துக்கு விடப்படுவதில்லை. எது பத்தி, எது பட்டியல், எது பிரிவின் பெயர் என்று ஒவ்வொன்றுக்கும் குறிச்சொல் உண்டு. சிக்கலான அட்டவணைக்கு இதை விட்டால் வழியில்லை. ஓர் அறைக்குள் பட்டியல் வைக்க வேண்டுமென்றால் கிராம்டவுன் அட்டவணை கைகொடுக்காது. ஆனால் மூன்று வரிப் பட்டியலுக்குக்கூடத் திறப்பதும் மூடுவதுமாக எட்டுக் குறிச்சொற்கள் வேண்டும். மூட மறந்தால், பிழைச்செய்தி பல வரி தள்ளி எங்கோ கைகாட்டும். நிறுவனப் பெயருக்கு நடுவே வரும் 'அண்டு' குறியை (&) அப்படியே தட்டினாலும் கோப்பு உடைந்துவிடும். யோசனை எழுதுகிற நெறிமுறையில் (புரோட்டோகால்) இருக்க வேண்டிய நேரத்தில் கண் குறிச்சொல்லில் கிடக்கும்.

கார்ஸ்டன் போர்மான் உருவாக்கிய கிராம்டவுன்-ஆர்எஃப்சி இந்தப் பாரத்தை இறக்கி வைக்கிறது. மேலே தலைப்பு, ஆசிரியர் விவரம். கீழே சாதாரண மார்க்டவுன், அதாவது நட்சத்திரம், கோடு போன்ற எளிய குறிகளோடு எழுதும் உரை. எனக்கு மிகவும் பிடித்தது மேற்கோள் முறை. இரட்டை நெளிவு அடைப்புக்குள் ஆச்சரியக்குறி போட்டு ஆர்எஃப்சி 2119 என்று எழுதினால், அது கட்டாய மேற்கோள், அதாவது வரைவைப் புரிந்துகொள்ள அவசியம் படிக்க வேண்டியது. ஆச்சரியக்குறிக்குப் பதில் கேள்விக்குறி என்றால் தகவலுக்கான மேற்கோள். நூல்விவரத்தைக் கருவியே தேடி எடுத்துப் பட்டியலில் சேர்த்துவிடும்.

இன்னொரு பழக்கமும் வேண்டும்: ஒரு வரிக்கு ஒரு வாக்கியம். அப்படி எழுதினால், பலர் சேர்ந்து கோப்புகளைத் திருத்தும் கிட்ஹப் தளத்தில் எந்த வாக்கியம் மாறியது என்பது பளிச்சென்று தெரியும். 'வேண்டும்' என்பது 'வேண்டியிருக்கலாம்' ஆனால்கூடக் கண்ணுக்குத் தப்பாது. தரநிலை ஆவணத்தில் அந்த ஒரு சொல்தான் உயிர்.

குறையும் உண்டு. தலைப்புப் பகுதியை 'யாமல்' (YAML) என்ற வடிவில் எழுத வேண்டும். அதில் இடைவெளிக்குக் கணக்கு உண்டு. ஆசிரியர் பெயருக்கு முன்னால் ஒரு இடைவெளி கூடுதலாக விழுந்ததைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுதும் போயிருக்கிறது.

பெரிய சிக்கல் முடிவில்தான் வரும். ஒப்புதல் பெற்ற ஆவணம் ஆர்எஃப்சி ஆசிரியர் குழுவிடம் போனதும், திருத்தம் பெரும்பாலும் எக்ஸ்எம்எல்லில் நடக்கும். 'ஆத்48' என்ற அந்தக் கடைசிச் சரிபார்ப்பில் உங்கள் கைக்கு வருவது எக்ஸ்எம்எல் கோப்பு. உங்கள் மார்க்டவுன் மூலக்கோப்பு பின்தங்கிவிடும். அடுத்த பதிப்பு எழுதும் எண்ணம் இருந்தால், ஒவ்வொரு திருத்தத்தையும் அன்றைக்கே மார்க்டவுனுக்கும் கொண்டுவந்துவிடுங்கள். எக்ஸ்எம்எல் வாசிக்கப் பழகச் சொன்னது இதற்குத்தான்.

இரண்டு வழியிலும் பெரிய ஆவணங்கள் வந்திருக்கின்றன. இணையத்தில் தரவைக் கொண்டுசெல்லும் குவிக் நெறிமுறையின் ஆர்எஃப்சி 9000 மார்க்டவுனில் வளர்ந்து 2021இல் வெளியானது. வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபியின் ஆர்எஃப்சி 9110 எக்ஸ்எம்எல்லில் எழுதப்பட்டு 2022இல் வந்தது. உங்களோடு எழுதப்போகிறவர்கள் எதில் தேர்ந்தவர்கள் என்று முதலில் கேளுங்கள். அவர்கள் எல்லோரும் எக்ஸ்எம்எல்காரர்கள் என்றால் நீங்களும் அதற்கே போய்விடுங்கள்.

வேர்டுக்கும் வார்ப்புரு உண்டு, ஆர்எஃப்சி 5385 அதை விவரிக்கிறது. நிரலாளர் அல்லாதவரிடம் கருத்துக் கேட்க வேர்ட் நல்லது. பலர் சேர்ந்து எழுதும் வரைவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் ஆவணம் என்றால் கதையே வேறு; அங்கே ரீஸ்பெக், பைக்ஷெட் என்று தனிக் கருவிகள். ரீஸ்பெக்குக்கு ஒரு எச்டிஎம்எல் கோப்பும் உலாவியும் போதும். வலைப்பக்கத் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் விவரக்குறிப்புகளைப் போல ஒன்றையொன்று சுட்டும் ஆவணங்களுக்கு பைக்ஷெட் ஏற்றது.

நம்மவர்களுக்கு ஒரு செய்தி. ஆர்எஃப்சி 7997 வந்த பிறகு ஆசிரியர் பெயரைத் தமிழ் எழுத்திலேயே போடலாம். பக்கத்தில் ஆஸ்கி வடிவமும், அதாவது ஆங்கில எழுத்தில் பெயரும், தர வேண்டும். எக்ஸ்எம்எல், கிராம்டவுன் இரண்டிலும் அதற்குத் தனிப் புலம் இருக்கிறது. நிரப்பிவிட்டு, பிடிஎஃப்பில் கொம்பும் காலும் சரியாக நிற்கின்றனவா என்று ஒருமுறை திறந்து பாருங்கள்.