குட்டிக் கடல் நத்தையைப் பார்க்க லென்ஸா, போன் கேமராவா?

மும்பை மாட்டுங்காவிலிருந்து பிள்ளைகளோடு ஹாஜி அலி பாறைகளுக்குப் போகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது.

செலவு: 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் சில நூறு ரூபாய். போனில் மேக்ரோ (மிக அருகிலிருந்து படமெடுக்கும் வசதி) இருந்தால் செலவே இல்லை.

நீடித்து உழைப்பது: உப்புத்தண்ணீரில் விழுந்த லென்ஸைக் கழுவித் துடைத்தால் சரி. போன் விழுந்தால்? சொல்லவே வேண்டாம்.

விவரம்: இங்கேதான் லென்ஸ் ஜெயிக்கிறது. நெரிட்டா என்ற கடல் நத்தை வகையில் ஓட்டின் வாய் (திறப்பு) அரைவட்டம். பெரும்பாலும் உள்விளிம்பில் பல் இருக்கும். அந்த வாயை அடைக்கும் மூடி சுண்ணாம்பாலானது, கெட்டியானது. லிட்டோரினா என்ற இன்னொரு நத்தை வகைக்குப் பல் கிடையாது, மூடியும் மெல்லியது. நிறத்தை நம்பாதீர்கள், ஒரே இனத்திலேயே பல நிறம் வரும். போன் படத்திலோ பெரும்பாலும் முதுகுதான் விழுகிறது.

நத்தை எந்தக் குடும்பம் என்று கரையிலேயே கண்டுபிடிக்க லென்ஸ். இனப்பெயரை நிபுணரிடம் கேட்க போன்: முதுகு, வாய், உச்சி என மூன்று படம், பக்கத்தில் ஒரு ஸ்கேல். அப்புறம், உயிருள்ள நத்தையை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.