மிடாசோலம்: அறுவை அரங்கின் வாசலில் என் மகனுக்குக் கொடுத்த மருந்து

ஐந்து வயது மகனின் குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை நாள் குறித்ததிலிருந்து, அறுவையைவிட அவனை எங்களிடமிருந்து எப்படிப் பிரித்து உள்ளே கொண்டு போவார்கள் என்பதே எனக்கும் என் மனைவிக்கும் பெருங்கவலையாக இருந்தது. ரத்தம் எடுக்க வந்த செவிலியரைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டவன் அவன். மயக்க மருத்துவர் முந்தைய நாள் மாலையே வந்து அவனோடு சிறிது நேரம் பேசிவிட்டு, பயத்தைத் தணித்து அமைதிப்படுத்தும் மிடாசோலம் என்ற மருந்தை அறுவைக்கு முன் வாய்வழியாகக் கொடுக்கப்போவதாகச் சொன்னார்.

அவன் எடை 16 கிலோ. கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்று கணக்கிட்டு 8 மில்லிகிராம் கொடுத்தார்கள். அந்த மருத்துவமனையில் இதற்கெனத் தயாரித்த சிரப் இல்லாததால், ஒரு மில்லிலிட்டரில் 5 மில்லிகிராம் உள்ள ஊசி மருந்தில் 1.6 மில்லிலிட்டர் எடுத்துச் சர்க்கரைப் பாகில் கலந்தார்கள். விழுங்கிய மருந்தில் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலும் சிதைந்துவிடுவதால்தான் ஊசியாகப் போடும்போது தேவைப்படுவதைவிட அதிக அளவு தர வேண்டியிருக்கிறது. கசப்போ கடுமையானது, எவ்வளவு பாகு கலந்தும் அது மறையவில்லை. இந்த மருந்தில் நான் காணும் முதல் குறை இதுதான், ஏனெனில் குழந்தை துப்பிவிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் அளக்க முடியாது. என் மகன் கடைசி மடக்கைத் துப்பினான். மறுபடி கொடுக்க மருத்துவர் இசையவில்லை, அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

பதினைந்து நிமிடத்துக்குள் அவன் பேச்சு குழறி, தலை என் தோளில் சாய்ந்தது. அவன் தூங்கவில்லை, கண் திறந்திருந்தது, கூப்பிட்டால் சிரித்தான், பயம் மட்டும் எங்கோ போய்விட்டிருந்தது. அந்த நேரத்தில் உள்ளே கொண்டு போயிருந்தால் இந்த மருந்தைக் குறை சொல்ல எனக்கு அநேகமாக ஒன்றுமே இருந்திருக்காது. ஆனால் முந்தைய அறுவை நீண்டுபோனதால் எங்களை வெளியே காக்க வைத்தார்கள். வாய்வழி மிடாசோலம் உச்சத்தில் இருப்பது கொடுத்த 20 முதல் 30 நிமிடத்தில். அதன்பின் மெல்லத் தணியத் தொடங்கும். ஐம்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தபோது அவன் சிணுங்கத் தொடங்கியிருந்தான், வாசலில் அழவும் செய்தான். அரங்கு தயாரான செய்தி வந்த பிறகே மருந்தை ஊற்ற வேண்டும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. அதைச் செய்யாதது எனக்கு இன்றும் வருத்தமே.

ஆயினும் மறுநாள் கேட்டபோது, அழுததும் கதவும் அவனுக்கு நினைவில் இல்லை. மருந்து கொடுப்பதற்கு முன் சுவரில் பார்த்த கிளிப் படத்தை மட்டும் சொன்னான். கொடுத்த பிறகு நடப்பவற்றை மனத்தில் பதியவிடாமல் செய்வது மிடாசோலத்தின் தனிக்குணம். அடுத்த முறை மருத்துவமனை வாசலை அவன் அஞ்சாமல் மிதிக்க இது உதவும் என்று நம்புகிறேன்.

பெரியவர்கள் விஷயத்தில் என் கருத்து வேறு. மிடாசோலத்தின் அதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த லோராசெபாம் மாத்திரையை அறுவைக்கு முன் கொடுத்து, 1,062 பேரிடம் பிரான்சில் நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. மாத்திரை பெற்றவர்களின் மனநிறைவு மற்றவர்களைவிடக் கூடவில்லை, விழித்தெழுந்து தெளிவடையத்தான் தாமதமானது. பித்தப்பை அறுவைக்கு முந்தைய இரவு எனக்கு அதே குடும்பத்து மருந்தான அல்பிரசோலம் கொடுத்தார்கள். காலையில் தலை கனத்ததே தவிர பயம் குறையவில்லை. அரங்குக்குள் மயக்க மருத்துவர் என் கையைப் பிடித்து ஒவ்வொன்றாக விளக்கியபோதுதான் நெஞ்சு படபடப்பு அடங்கியது.

மிடாசோலம் மூச்சை மந்தப்படுத்தக்கூடியது. ஆகவே கொடுத்ததிலிருந்து விரலில் ஆக்சிஜன் அளவுமானி மாட்டப்பட்டிருக்கிறதா, யாராவது அருகிலேயே இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தை இரவில் பலமாகக் குறட்டை விடுமானால், அல்லது எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி போன்று மிடாசோலத்தின் வீரியத்தைக் கூட்டும் மருந்து எதையாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சில குழந்தைகள் அமைதியாவதற்குப் பதில் முரண்டு பிடித்துக் கத்துவதும் உண்டு. அன்று மாலை வரை என் மகன் நடையில் தள்ளாட்டம் இருந்தது. மாடிப்படியில் அவனைத் தூக்கிக்கொண்டே ஏறினேன்.