போஸ்ட்கிரெஸ்கியூஎல்: லாக்கைத் திறந்து பார்த்தால் பாதி வேலை முடிந்தது

வீட்டுக் கணினியில், உபுண்டு லினக்ஸில், போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள சர்வரைப் போட்டு ஒரு மாதம் ஆகிறது. நிறுவுவது ஒரே கட்டளை, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே நுழையத்தான் ஒரு மாலை முழுக்கப் போனது. அப்படியிருந்தும் இந்த சர்வரைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

முதலில் வந்த பிழைச் செய்தி 'பியர் ஆதென்டிகேஷன் ஃபெயில்டு'. பாஸ்வேர்டே கேட்கவில்லை, அதற்குள் மறுத்துவிட்டது. காரணம் எளிமையானது: அதே கணினியிலிருந்து சாக்கெட் வழியாக (முகவரி எதுவும் கொடுக்காமல் நேரடியாக) போனால், லினக்ஸில் நாம் எந்தப் பெயரில் இருக்கிறோமோ அதே பெயரில்தான் தரவுத்தளத்துக்குள்ளும் விடும். அதனால் வேறு பயனராகக் கட்டளையை ஓட்டும் சூடோவை வைத்து, 'போஸ்ட்கிரெஸ்' பயனராக பிஎஸ்கியூஎல்லை (தரவுத்தளத்தோடு பேசும் கட்டளை) திறந்து ஒரு பாஸ்வேர்டு வைத்துக்கொண்டு, அப்புறம் லோக்கல்ஹோஸ்ட் (இதே கணினி) என்று முகவரி கொடுத்து இணைந்தால் போதும். இந்த இடத்தில் பலர், யாரை எப்படி உள்ளே விடுவது என்று சொல்லும் பிஜி_ஹெச்பிஏ கோப்பில் 'டிரஸ்ட்' (கேள்வி கேட்காமல் நம்பு) என்று மாற்றச் சொல்வார்கள், தயவுசெய்து அப்படியே விட்டுவிடாதீர்கள், அந்தக் கணினியில் உட்காரும் யாரும் பாஸ்வேர்டு இல்லாமல் எல்லாவற்றையும் அழிக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது லாக்தான், அதாவது சர்வர் நடந்ததை எழுதிவைக்கும் பதிவுக் கோப்பு. இல்லாத பயனர் பெயரைக் கொடுத்தாலும், பாஸ்வேர்டே வைக்காத பயனரைக் கொடுத்தாலும், திரையில் 'பாஸ்வேர்டு தவறு' என்ற ஒரே பதில்தான் வரும், வெளியாள் துப்பறியக் கூடாது என்பதற்காக. ஆனால் வார்/லாக்/போஸ்ட்கிரெஸ்கியூஎல் அடைவில் இருக்கும் லாக்கில் 'இந்தப் பயனரே இல்லை' அல்லது 'இவருக்குப் பாஸ்வேர்டு வைக்கவில்லை' என்று நேராக எழுதியிருக்கும், பிஜி_ஹெச்பிஏவின் எத்தனையாவது வரி பொருந்தியது என்பது உட்பட. அந்தக் கோப்பில் மேலிருந்து முதலில் பொருந்தும் வரி மட்டுமே செல்லுபடியாகும் என்பதால், கீழே போய்ச் சேர்த்த என் வரி ஏன் வேலை செய்யவில்லை என்று அந்த எண்ணைப் பார்த்ததும் புரிந்தது.

அடுத்து, நான் உருவாக்கிய அட்டவணைகளைக் காணவில்லை. முன்பு எப்போதோ போட்ட பழைய பதிப்பு 5432 போர்ட்டில் (சர்வர் இணைப்புக்குக் காத்திருக்கும் வாசல் எண்) உட்கார்ந்திருக்க, புதியது சத்தமில்லாமல் 5433க்குப் போயிருந்தது. பழையதை நிறுத்தியதும் என் செயலி 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்றது. இது பாஸ்வேர்டுப் பிரச்சினை இல்லை, அந்தப் போர்ட்டில் எந்த சர்வரும் இணைப்புக்காகக் காத்திருக்கவில்லை என்று அர்த்தம், இரண்டையும் குழப்பிக்கொண்டால் நேரம்தான் வீணாகும். லினக்ஸில் சேவைகளின் நிலையைக் காட்டும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையைக் கேட்டால் 'ஆக்டிவ் (எக்ஸிடெட்)' என்று பச்சையில் காட்டும், அதை நம்ப வேண்டாம், சர்வர் நின்றிருந்தாலும் அப்படித்தான் காட்டும். பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் என்ற கட்டளைதான் பதிப்பு, போர்ட், ஓடுகிறதா இல்லையா என்று ஒரே வரியில் சொல்கிறது. எனக்கு இந்த ஒரு விஷயத்தில்தான் குறை, நிறுவி முடிந்ததும் அந்த வரியைப் பெரிதாகக் கண்ணில் படும்படி காட்டியிருக்கலாம்.

சரி, அப்புறம் போர்ட்டைத் திருப்பி 5432 ஆக்கி ரீஸ்டார்ட் செய்தேன் (பிஜி_ஹெச்பிஏ மாற்றத்துக்கு ரீலோடு, அதாவது சர்வரை நிறுத்தாமல் அமைப்புகளை மறுபடி படிக்க வைப்பது, போதும்; போர்ட்டுக்குப் போதாது). தரவைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ள சர்வர் எடுக்கும் பகிர்வு நினைவகம் இயல்பாக 128 எம்பிதான், வீட்டு வேலைக்கு அதைத் தொடவே தேவைப்படவில்லை. அன்றிலிருந்து ஒருமுறைகூட நிற்கவில்லை.