மொறிஸ் மைனரும் நாலு பிளக்கும்: யாழ்ப்பாணத்தில ரெண்டு கராஜ் அனுபவம்

ஊரில பழைய கார் வச்சிருக்கிற வெளிநாட்டு ஆக்களுக்கு உதவும் எண்டுதான் இதை எழுதுறன். மாமான்ர கார் மொறிஸ் மைனர் 1000, 1098 சிசி எஞ்சின், தொண்ணூறுகளில பெற்றோல் தடை இருக்கேக்க மண்ணெண்ணெயில ஓடின வண்டி, இண்டைக்கும் மாமி கோயிலுக்குப் போறது அதிலதான். இந்தமுறை நான் போகேக்க ஐடிலிங்கில, அதாவது வண்டி நிண்டபடி எஞ்சின் மெதுவா ஓடேக்க, ஒரே நடுக்கம், அக்சிலேட்டர் அமத்தினா இருமுது.

முதல் கொண்டுபோன கராஜில பொனெட்டைத் திறந்து பாத்த உடனயே காத்தையும் பெற்றோலையும் கலக்கிற காபரேட்டர் முடிஞ்சுது, எஞ்சினும் பிரிக்கோணும் எண்டிட்டினம். சிலிண்டருக்குள்ள பொறி குடுக்கிற ஸ்பார்க் பிளக் ஒண்டைக்கூடக் கழட்டிப் பாக்கேல்லை. வெளிநாட்டு ஆள் பக்கத்தில நிண்டா இப்பிடித்தான் கணக்குப் போடுவினமோ எண்டு எனக்குச் சரியான கோவம்.

பிறகு இணுவில் பக்கம் ஒரு வயசான அண்ணையிட்டப் போனம். அவர் "தம்பி, ஐடிலிங்கில விட்டுட்டுக் கழட்டினா பிளக்கின்ர நிறம் பொய் சொல்லும்" எண்டு சொல்லி, கேகேஎஸ் றோட்டால மருதனார்மடம் தாண்டி நல்லா ஓட்டிக்கொண்டு போய், ஓட்டத்திலயே கிளச்சை மிதிச்சு சுவிட்சை ஓஃப் பண்ணி ஓரங்கட்டி, அங்கயே நாலையும் கழட்டி பேப்பரில நம்பர் ஒழுங்கா அடுக்கினார். ஒண்டும் ரெண்டும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, மூண்டும் நாலும் காய்ஞ்ச கரி. ஒயில் ஈரம் இருந்தா பிஸ்டன் றிங் இல்லாட்டி வால்வ் கைட் தேய்ஞ்சிருக்கும், அப்பதான் எஞ்சின் பிரிக்கோணும், இதில அது இல்லை எண்டார். பிளக்கை மாத்தி மாத்திப் போட்டு ஓடியும் பாத்தார், நிறம் பிளக்கோட போகேல்லை, அந்தந்த சிலிண்டரிலயே நிண்டுது.

ஒரே காபரேட்டர், பிறகென்னண்டு ரெண்டு நிறம்? இந்த எஞ்சினில நாலு சிலிண்டருக்கும் காத்து பெற்றோல் போற வழி ரெண்டுதான், ஒண்டும் ரெண்டும் ஒரு வழி, மூண்டும் நாலும் மற்ற வழி. முன்பக்க வழியில, காபரேட்டரில இருந்து கலவையைக் கொண்டுபோற மனிபோல்ட் குழாய் எஞ்சினோட பொருந்திற இடத்தை அடைக்கிற கஸ்கட்டால வெளிக்காத்து உள்ள இழுத்திருக்கு, அதால காத்துக் கூடி, பெற்றோல் பத்தாம அந்த ரெண்டும் வெள்ளை. ஆரோ அதைச் சரிக்கட்ட இந்தக் காரில இருக்கிற எஸ்யூ எண்ட வகைக் காபரேட்டரின்ர அடியில பெற்றோல் அளவைச் சரிபண்ணுற ஜெட் நட்டை இறக்கி பெற்றோலைக் கூட்ட, சுகமா இருந்த மற்ற ரெண்டும் பெற்றோல் கூடிக் கரி பிடிச்சிட்டுது. எஞ்சினை ஆறவிட்டு, திருப்பி ஸ்டார்ட் பண்ணிச் சூடேற முதல் அந்தக் கஸ்கட் ஓரத்தில ரெண்டு சொட்டு ஒயில் விட்டார், உடன நடுக்கம் குறைஞ்சுது, நான் கண்ணால கண்டனான்.

கஸ்கட் மாத்தமுதல் மனிபோல்ட் முகத்தில ஸ்டீல் அடிமட்டம் வச்சு வளைவு இருக்கோ எண்டு பாத்து, பிளக் இடைவெளி 0.6 மில்லிமீற்றர் வச்சு, கடைசியாத்தான் ஜெட் நட்டை ஏத்தினார். இப்ப நாலும் ஒரே இளம் மண்ணிறம். ஈயமில்லாத பெற்றோலுக்கு பழைய புத்தகப் படத்தில இருக்கிறதை விடக் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும், அதுக்குப் பயந்து பெற்றோலைக் கூட்டாதேங்கோ எண்டு மாமாவுக்குத் திருப்பித் திருப்பிச் சொன்னார்.

அவர் கேட்ட கூலி கஸ்கட் விலைக்கும் கிட்ட வராது, கூடக் குடுத்துட்டுத்தான் வந்தனான். ஆரும் காபரேட்டர் மாத்தோணும் எண்டா முதல் நாலு பிளக்கையும் கழட்டி நம்பர் ஒழுங்கில வச்சுக் காட்டச் சொல்லுங்கோ, காட்டமாட்டன் எண்டா காரை எடுத்துக்கொண்டு வாங்கோ.