பழைய அவுட்போர்டு எஞ்சின் வாங்கப் போறவங்க கவனத்துக்கு: ஷாஃப்ட்டு நீளத்துல ஏமாத்துறாங்க

ஃபைபர் போட்டுக்கு செகண்ட் ஹேண்ட்ல அவுட்போர்டு, அதான் போட்டுக்குப் பின்னால வெளிய மாட்டுற எஞ்சின், தேடிட்டு இருக்கறவங்க இத படிச்சிட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க. எங்க அண்ணனும் நானும் சேர்ந்து 15 ஹெச்.பி. டூ ஸ்ட்ரோக் ஒண்ணு வாங்கினோம், கடை பேரு போடல, போட்டா வேற பிரச்சன வரும். எஞ்சின் நல்ல எஞ்சின்தான், அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா லாங் ஷாஃப்ட்டுன்னு சொல்லி (ஷாஃப்ட்டுன்னா எஞ்சின்ல இருந்து ப்ரொப்பல்லர் பக்கம் கீழ எறங்குற தண்டு) ஷார்ட்ட நம்ம தலையில கட்டிட்டாங்க.

நாங்க கேட்டதே லாங்தான். எங்க போட்டுக்கு டிரான்சம், அதான் எஞ்சின் மாட்டுற பின்பக்கப் பலகை, நடுவுல மேல இருந்து அடி வரைக்கும் 21 இஞ்சு. அத கடைக்காரர்கிட்ட சொல்லியாச்சு. அவரு டேப்ப எடுத்து கிளாம்ப்போட உள்பக்கம், பலகையில உக்காருற இடத்துல வச்சு நேரா கீழ இழுத்து ப்ரொப்பல்லருக்கும் கீழ துருத்திட்டு இருக்குமே அந்த ஸ்கெக் நுனி வரைக்கும் கொண்டு போயி, "பாருங்கண்ணே, 20-க்கு மேல எம்புட்டு இருக்கு, அசல் லாங்கு"ன்னு சொல்றாரு. டேப்ப ஆரம்பிச்ச இடம் சரி, முடிச்ச இடம்தான் தில்லுமுல்லு. ப்ரொப்பல்லருக்கு மேல தட்டையா ஒரு தகடு இருக்கும், கேவிட்டேஷன் ப்ளேட்டுன்னு மெக்கானிக்குங்க சொல்லுவாங்க, அளவு அதோட நிக்கணும். அதுக்குக் கீழ இருக்கறது எல்லாம் கணக்குலயே வராது. ப்ளேட்டு வரைக்கும் 15 இஞ்சுன்னா ஷார்ட்டு, 20-ன்னா லாங், 25-ன்னா எக்ஸ்ட்ரா லாங். கம்பெனிக்கு கம்பெனி ஒண்ணு ரெண்டு இஞ்சு கூட வரும், அதனால 17-ன்னு வந்தாலும் அது ஷார்ட்டுதான், யாராவது "நடுத்தரம்"னு ஏதாவது சொன்னா நம்பாதீங்க.

அப்புறம் டிரம்முல தண்ணி ரொப்பி ஸ்டார்ட் பண்ணிக் காமிச்சாரு, பக்கவாட்டுல கூலிங் தண்ணி நல்லா பீச்சுச்சு, சத்தமும் சுத்தமா இருந்துச்சு. டிரம்முல ஓட்டிப் பாத்தா எஞ்சின் எப்புடின்னு தெரியும், நம்ம போட்டுக்கு ஆகுமா ஆகாதான்னு தெரியவே தெரியாது. இதுல இன்னொண்ணும் இருக்கு, பாம்பன்ல வடகடல், அதான் பாக் விரிகுடா பக்கம் கரையோரமா மெதுவா ஓட்டிப் பாத்தப்பக்கூட ஒண்ணும் தெரியல. போட்டு நிக்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் பின்பக்கம் நல்லா அமுங்கி இருக்கும், ப்ரொப்பல்லரும் தண்ணிக்குள்ள முங்கி இருக்கும். வேகம் புடிச்சு போட்டு தூக்குச்சுன்னாதான் தண்ணி அடிப்பலகையோட மட்டத்துலயே வழுக்கிட்டுப் போகும், அப்ப ப்ளேட்டு அந்த மட்டத்துக்கு மேல இருந்தா ப்ரொப்பல்லர் காத்த உறிஞ்ச ஆரம்பிச்சுரும்.

தென்கடல்ல, அதான் மன்னார் வளைகுடாவுல, கச்சான் காத்து (தென்மேற்குக் காத்து) அடிக்கும்போது எறங்கினப்பதான் வண்டவாளம் வெளிய வந்துச்சு. ஒவ்வொரு அலையில ஏறி எறங்கும்போதும் எஞ்சின் வீல்னு கத்துது, போட்டு முன்னால நகரல, பைக்க நியூட்ரல்ல போட்டு ஆக்சிலேட்டர முறுக்கின மாதிரி. திருப்பினாலும் அதே கதை. கொஞ்ச நேரத்துல தண்ணி பீச்சுறதும் விட்டு விட்டு வருது, ஏன்னா கூலிங் தண்ணி இழுக்குற ஓட்டையும் கீழ அதே கியர்கேஸ்லதான் இருக்கு, அதுவும் சேந்து காத்த இழுக்குது. அப்புடியே விடாம ஓட்டியிருந்தா தண்ணி பம்புக்குள்ள சுத்துற இம்பெல்லர் ரப்பர் கருகி பிஸ்டன் சீஸ் ஆயி இறுகி நின்னுருக்கும். அண்ணன் சட்டுனு த்ராட்டில கொறச்சு மெல்ல மெல்ல கரை சேத்துட்டாரு.

கடைக்கு போன் போட்டா முதல்ல கார்புரேட்டர கழுவுங்கன்னாங்க, கழுவினோம். அடுத்து ப்ரொப்பல்லர் பிட்ச் சரியில்ல மாத்துங்கன்னாங்க, அதையும் அவங்ககிட்டயே வாங்கி மாட்டினோம், அதுக்கு தனி காசு. ஒண்ணும் ஆகல. கடைசியா எங்க ஊரு மெக்கானிக் பாய் ஒருத்தர் வந்தாரு, எஞ்சின தொடவே இல்ல. கரையில ஏத்தி வச்சிருந்த போட்டுக்கு அடியில குனிஞ்சு ஒரு நேரான ரீப்பர அடிப்பலகையோட ஒட்டிப் புடிச்சு பின்னால நீட்டினாரு. ப்ளேட்டு ரீப்பருக்கு நாலு இஞ்சு மேல நிக்குது. ரீப்பரும் ப்ளேட்டும் ஒரே மட்டத்துல வரணும், இல்ல ப்ளேட்டு ஒரு இஞ்சு கீழ போகலாம், அவ்வளவுதான். "என்னப்பா, ஷார்ட்ட மாட்டிக்கிட்டு கார்புரேட்டர கழுவிட்டு இருக்கீங்க"ன்னு சிரிக்கிறாரு மனுசன். அப்புறம் கிளாம்ப் பிராக்கெட்டோட இடது பக்கம் பெயிண்ட் தடிப்பா இருக்கறத பாத்துட்டு தின்னர தொட்டுத் தேச்சாரு, உள்ள கம்பெனி லேபிள் முழுசா இருக்கு. யமஹா, சுசுகி ரெண்டுலயும் இந்த மாதிரி எஞ்சினுக்கு மாடல் பேரு கடைசியில எஸ்-னு இருந்தா ஷார்ட்டு, எல்-னு இருந்தா லாங். இதுல எஸ். தெரியாம நடந்துச்சுன்னு சொல்ல முடியுமா, லேபிளு மேல பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்கானுங்க.

நேர்ல போயி கேட்டப்ப குடுத்தாங்க பாருங்க ஒரு யோசன, "டிரான்சத்த நாலு இஞ்சு வெட்டி எறக்கிக்கோங்கண்ணே, எல்லாரும் அப்புடித்தான் பண்றாங்க". தயவு செஞ்சு யாரும் பண்ணிறாதீங்க. ஃபைபருக்கு நடுவுல இருக்கறது பிளைவுட்டு, வெட்டின எடத்துல தண்ணி எறங்கினா உள்ளுக்குள்ளயே மக்கும், வெளிய பாத்தா தெரியாது, ஒரு நாள் பலகை கிழிஞ்சு எஞ்சின் கடலுக்குள்ள போயிரும். அது போக கரைக்கு வரும்போது பின்னால இருந்து வர்ற அலை நேரா உள்ள ஏறும், பலகை ஒசரத்த அந்த அளவுக்கு வச்சதே அதுக்குத்தான். நீளத்த கூட்ட எக்ஸ்டென்ஷன் கிட்டு இருக்கு, ஆனா கேசிங், டிரைவ் ஷாஃப்ட்டு, கியர் கம்பி, தண்ணிக் குழாய் எல்லாம் சேத்து மாத்தணும், பழைய எஞ்சினுக்கு அந்த செலவு கட்டுப்படியாகாது. இதுவே தெரியாம லாங்க வாங்கிட்டு நம்ம போட்டுப் பலகை ஷார்ட்டா இருந்துச்சுன்னா பலகைக்கு மேல கட்டை வச்சு ஒசத்தி ஓரளவு சமாளிக்கலாம், அப்புடியே விட்டா இழுவை அதிகமாகும், வடகடல் மாதிரி ஆழம் கொறஞ்ச எடத்துல தரையில அடிக்கும்.

காச திருப்பிக் குடுக்க மாட்டேன்னுட்டாங்க. பில்லுல "15 ஹெச்.பி. பழைய எஞ்சின் 1"ன்னு மட்டும்தான் போட்டிருந்தாங்க, லாங்குன்னு எங்கயும் இல்ல, அதத்தான் நீட்டி நீட்டிக் காமிக்கிறாங்க. பெரிய சண்டைக்கு அப்புறம் பாதிக்கும் கொஞ்சம் மேல குடுத்து எஞ்சின எடுத்துக்கிட்டாங்க, ப்ரொப்பல்லர் காசு போனது போனதுதான். அதே எஞ்சின் மறுபடி விலைக்கு வந்திருக்குன்னு கேள்விப்பட்டேன், ராமநாதபுரம் மாவட்டத்துக்காரங்க குறிப்பா பாத்துக்கோங்க. யாருகிட்ட வாங்கினாலும் மாடல் பேர கடைசி எழுத்து வரைக்கும், சீரியல் நம்பரோட, ப்ளேட்டு வரைக்கும் எத்தன இஞ்சுங்கறதையும் பில்லுல எழுதச் சொல்லுங்க, எழுத யோசிச்சாங்கன்னா அட்வான்ஸ பாக்கெட்டுலயே வச்சுக்கிட்டு வந்துருங்க.