சித்தியின் 'ஆமா': டோபி குறியா, ஃபுஜிசாகி வளைவா?

தண்டையார்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து நானும் நண்பனும் 40 நிமிடப் பேச்சைப் பதிவு செய்தோம். பேசியது பெரும்பாலும் என் சித்தி, காசிமேட்டில் மீன் விற்பவர். அவர் 'ஆமா' என்றால் அது ஒப்புதலாகவும் இருக்கும், 'ஆமா, நீ கிழிச்ச' என்பதன் முன்பாதியாகவும் இருக்கும். எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். குரல் ஏறி இறங்குவதில்தான் அர்த்தம் மாறுகிறது. அதைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க இரண்டு வழிகளை முயன்றோம். நான் ஒன்றில் நின்றுவிட்டேன், நண்பன் மற்றொன்றில். ஆகவே நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் வழி டோபி (ToBI), குரலின் ஏற்ற இறக்கத்தைக் குறிகளால் எழுதும் முறை. மொழியியலாளர் ஜேனட் பியர்ஹம்பர்ட் 1980-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கொடுத்த ஆய்வேட்டில் வேர்விட்டு, 1992-ல் குறியீட்டு முறையாக வந்தது. குரலின் போக்கு முழுவதையும் எழுதாமல், முக்கியமான திருப்பங்களில் மட்டும் உயர்வுக்கு ஹெச், தாழ்வுக்கு எல் என்று போடுவார்கள். அழுத்தம் விழும் அசைக்கு நட்சத்திரம், தொடர் முடியும் இடத்துக்குச் சதவீதக் குறி. இரண்டாவது, ஹிரோயா ஃபுஜிசாகி ஜப்பானிய மொழிக்காக உருவாக்கிய மாதிரி. அதில் எல்லாம் கணக்குதான். அடிச்சுருதி ஒன்று, தொடர் நெடுக மெல்ல இறங்கும் வளைவுகள், அவற்றின்மேல் சொற்களுக்கான சின்ன மேடுகள். மூன்றையும் மடக்கை அளவில் கூட்டினால் குரலின் கோடு கிடைக்கும்.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. சுருதியை அளக்க இரண்டுக்கும் பிராட் மென்பொருளே போதும், அது இலவசம். பதிவுகளைக் கேட்டுத் தானே பேசக் கற்றுக்கொள்ளும் இப்போதைய நியூரல் கணினிக் குரல்கள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. குரல் அழகாக வரும், சரி. அந்த இடத்தில் ஏன் ஏறியது என்று அதனிடம் கேட்டுப் பாருங்கள்.

டோபியை அப்படியே தமிழுக்குப் போட முடியாது. அதை உருவாக்கியவர்களே எல்லா மொழிக்கும் பொதுவான முறை என்று சொல்லவில்லை. ஆங்கிலத்தைப் போல ஒரு அசையில் ஓங்கி விழும் அழுத்தம் நம் சொற்களில் இல்லை என்பதால் நட்சத்திரத்தை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. இரண்டாம் நாள் நட்சத்திரத்தைத் தூக்கிவிட்டோம். அதற்குப் பதில், சொற்கூட்டம் தாழ்வில் தொடங்கி உயர்வில் முடியும் இடங்களைக் குறித்தோம். கேள்வியிலும் ஒரு சங்கதி உண்டு. ஆங்கிலத்தில் வெறும் கூற்றைக் கேள்வியாக்கக் குரலை ஏற்றினால் போதும். நமக்கு 'வந்துட்டானா' என்பதில் அந்த 'ஆ'வே கேள்வி கேட்டுவிடுகிறது. குரலுக்கு அந்த வேலை மிச்சம். சந்தேகம், நக்கல், ஆச்சரியம் என்று வேறு வேலைக்குப் போய்விடுகிறது.

பியர்ஹம்பர்ட்டும் ஜூலியா ஹர்ஷ்பெர்க்கும் 1990-ல் எழுதியது இங்கேதான் எனக்குக் கைகொடுத்தது. ஒவ்வொரு குறிக்கும் தனக்கென ஒரு பங்கு அர்த்தம் உண்டு, முடிவில் வரும் உயர்வு 'இதை அடுத்து வருவதோடு சேர்த்துக் கேள்' என்கிறது என்பது அவர்கள் வாதம். 'மீனு நல்லாகீது, வஞ்சிரம் வந்துகீது' என்று சித்தி சொல்லும்போது முதல் பாதி மேலே நிற்கிறது, இரண்டாவது கீழே இறங்கி முடிகிறது. ஆங்கிலத்துக்குச் சொன்னது இவ்வளவு தூரம் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் என்னை டோபி பக்கம் தள்ளியது இது எதுவும் இல்லை. மராமத்துதான். ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது சாதாரண 'வந்துட்டானா'வுக்கும் சந்தேகத்தில் இழுத்த 'வந்துட்டானா'வுக்கும் ஒரே குறி போட்டிருந்தது தெரிந்தது. கோப்பில் அந்தக் குறியைத் தேடினேன், 31 இடம். சித்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். 'இது நக்கல்டா', 'இது சும்மா கேக்குறேன்' என்று அவர் சொல்லச் சொல்ல, பழைய குறியை இரண்டாகப் பிரித்தேன். ஒரே மாலையில் முடிந்தது. மற்ற குறிகளைத் தொடவே இல்லை. வலையில் ஒரு கண் அறுந்தால் அந்தக் கண்ணை மட்டும் முடிவதைப் போல.

ஃபுஜிசாகியில் இது நடக்காது. தொடருக்கான வளைவு சட்டென்று அடங்குவதில்லை. ஒரு விநாடிக்கு மேலும் இழுத்துக்கொண்டே போகும். எல்லாம் கூட்டல் என்பதால், தொடக்கத்தில் ஒன்றைத் திருத்தினால் பின்னால் உள்ள மேடுகளின் உயரமும் தப்பாகிவிடும். ஒரே கோட்டை வேறு வேறு விதமாகப் பிரித்தும் பொருத்திவிடலாம். நான் பிரித்தது ஒரு மாதிரி, நண்பன் பிரித்தது வேறு மாதிரி. அதைச் சித்தியிடம் காட்டி எது சரி என்று கேட்கவும் முடியாது.

அதற்காக ஃபுஜிசாகி மட்டம் என்று சொல்லமாட்டேன். லேசான நக்கலும் கடுமையான நக்கலும் என் குறியில் ஒன்றாகிவிடுகின்றன. அங்கே எண்ணைக் கொஞ்சம் ஏற்றினால் குரலே ஏறுகிறது, உடனே காதில் கேட்டுச் சரிபார்க்கலாம். கணினியைப் பேசவைப்பதுதான் நோக்கம் என்றால் நண்பன் வழியில் போங்கள். நான் அதில் மூன்று வாரம்தான் இருந்தேன், அதுவும் வீட்டுப் பேச்சில். ஏலத்தில் கத்தும் குரலை இரண்டு முறையிலும் முயன்றதில்லை. சித்தி குரலை உயர்த்திய ஓரிரு இடங்களிலேயே, பிராட்டில் நான் வைத்திருந்த மேல் எல்லையைத் தாண்டி, கோடு பாதிக்குப் பாதி கீழே குதித்துவிட்டது.

பதிவில் 14-வதாக வரும் 'ஆமா'வுக்கு இன்னும் குறி போடவில்லை. நக்கல்தான் என்கிறான் நண்பன். 'இல்லடா, அன்னிக்கு நெஜமாவே ஒத்துக்கினேன்' என்கிறார் சித்தி.