பாயிண்டைத் திருத்துவதா, சக்கரத்தை மாற்றுவதா?

பிரிட்டனில் ஓஓ (OO) எனப்படும் அளவிலான மாதிரி ரயில்களில் 16.5 மி.மீ. அகலப் பாதையின் மீது பல தலைமுறைச் சக்கரங்கள் ஓடுகின்றன. நேர்பாதையில் எல்லாம் ஒன்றுபோலவே உருள்கின்றன. வேறுபாடு, பாதை இரண்டாகப் பிரியும் பாயிண்டில்தான் தெரியவருகிறது. அங்கே எழும் புகார்கள் இரண்டு: தண்டவாளங்கள் குறுக்கிடும் இடமான ஃபிராக்கின் மூக்கில், அதாவது அதன் கூர்முனையில், சக்கரம் மோதித் தடம்புரள்வது, அல்லது ஃபிராக்கின் இடைவெளிக்குள் இறங்கிக் குதிப்பது. இவ்விரண்டுக்கும் மருந்து வேறு வேறு என்பதைக் கவனிக்காமல்தான் பலர் அரத்தைக் கையில் எடுக்கிறார்கள்.

மோதலுக்கு மிக எளிய தீர்வு, செக் ரெயிலில், ஓடும் தண்டவாளத்தைப் பார்த்த முகத்தில், 0.25 மி.மீ. பிளாஸ்டிக் பட்டை ஒன்றை ஒட்டுவது. ஃபிராக்குக்கு எதிர்ப்பக்கத்தில், ஓடும் தண்டவாளத்தை ஒட்டி நின்று சக்கரத்தை வழிநடத்தும் துண்டுத் தண்டவாளமே செக் ரெயில். செக் ரெயிலுக்கும் ஓடும் தண்டவாளத்துக்கும் இடைவெளி 1.5 மி.மீ. என்றால், செக் ரெயில் முகத்திலிருந்து மூக்கு வரை 15.0 மி.மீ. மட்டுமே எஞ்சும். ஆர்பி25 என்ற தர வடிவத்தில் அமைந்த '110' வகைச் சக்கரங்கள் இரண்டின் உட்புறங்களுக்கு இடையே 14.4 மி.மீ. இருந்து, தண்டவாளத்தின் உட்பக்கமாகத் தாழ்ந்து ஓடும் விளிம்பின் தடிமன் 0.76 மி.மீ. ஆகவும் இருக்கையில், கூட்டுத்தொகை 15.16 மி.மீ. ஆவதால் விளிம்பு மூக்கில் இடிக்கிறது. பட்டை ஒட்டியதும் அந்தத் தூரம் 15.25 மி.மீ. ஆகிவிடுகிறது. பிடிக்காவிட்டால் உரித்தெடுத்துவிடலாம் என்பதும் இதன் பெரிய நன்மை.

சக்கரம் இடைவெளிக்குள் இறங்குவதைத் தடுக்க இந்தப் பட்டை உதவாது. 110 சக்கரத்தின் அகலம் 0.110 அங்குலம், 88 சக்கரத்துக்கு 0.088 அங்குலம் மட்டுமே, ஆகையால் அகன்ற ஃபிராக்கில் அதற்குத் தாங்கல் போதுவதில்லை. இடைவெளியின் தரையைப் பிளாஸ்டிக்கால் உயர்த்தி, விளிம்பின் நுனியே தரையில் உருளும்படி செய்வது ஒரு வழி. ஆனால் அந்தத் தரை ஒரே விளிம்பு ஆழத்துக்குத்தான் பொருந்தும். ஆழமான விளிம்புள்ள பழைய சக்கரம் அதே இடத்தில் மேலெழும்பித் தூக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக்கின் மேல் உருளும் சக்கரம் மின்தொடர்பை இழப்பதால், நான்கே சக்கரமுள்ள சிறு ஷன்டிங் எஞ்சின் (பெட்டிகளைக் கோக்கவும் பிரிக்கவும் நகர்த்துவது) ஃபிராக்கிலேயே நின்றுவிடவும் கூடும். எனவே ஒரே வகைச் சக்கரம் ஓடும் பாதைகளுக்கு மட்டுமே இதை நான் பரிந்துரைப்பேன்.

பாயிண்டைத் தாமே சாலிடர் செய்து கட்டுபவர்கள் 16.2 மி.மீ. அகலமும் 1.0 மி.மீ. இடைவெளியும் கொண்ட ஓஓ-எஸ்எஃப் அளவைத் தேர்ந்தெடுக்கலாம். ஃபிராக்கில் சக்கரம் துள்ளாமல் கடக்கும் அழகு அதில்தான் கிடைக்கும். தடித்த விளிம்புள்ள பழைய சக்கரங்களுக்கு மட்டும் அங்கே இடமில்லை.

சக்கரங்களைச் சரிசெய்வது எதிர்முனையில் நிற்கும் தீர்வு. உட்புறத் தூரம் 14 மி.மீ.க்கும் குறைவான பழைய சக்கரம், பாயிண்டில் பாதையை மாற்ற நகரும் நாக்குத் தண்டவாளம் திறந்திருக்கையில் அதைப் பின்புறத்தால் உரசி, மின்சாரத்தைக் குறுக்கிணைக்கவும் வாய்ப்புண்டு. பெட்டிகளின் சக்கரங்களை அச்சில் மெல்லத் திருகி நகர்த்தி 14.4 மி.மீ.க்குக் கொண்டுவரலாம், அல்லது புதிய சக்கரங்களையே மாட்டிவிடலாம். பற்சக்கரம் கோத்த எஞ்சின் அச்சில் இந்த வேலை அவ்வளவு சுலபமன்று. அங்கே கை வைப்பதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

பத்துப் பெட்டிகளும் ஐம்பது பாயிண்டுகளும் உள்ளவர் சக்கரத்தையும், நூறு பெட்டிகளும் நான்கு பாயிண்டுகளும் உள்ளவர் செக் ரெயிலையும் முதலில் தொடட்டும். பழைய சக்கரங்களை அப்படியே ஓட்டத்தான் வேண்டும் என்பவர், மெல்லிய சக்கரங்களுக்கென்று பாயிண்டின் இடைவெளியைக் குறுக்காமல் விட்டுவிடுவதே நல்லது.